ஒரு கையால் கட்டிய பூச்சி

சேவை மனப்பான்மையோடுதான் அந்த வகுப்புக்குப் போனேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். குளிர்காலத்துக்குப் பேச்சுத்துணை தேடித்தான் போனேன். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் டிசம்பர் தொடங்கி மார்ச் வரை ஆற்றில் இறங்கி நிற்க என் உடம்பு ஒத்துழைக்காது. அந்த மாதங்களில் எங்களைப் போன்ற தூண்டில்காரர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து அடுத்த பருவத்துக்கான பொய்ப்பூச்சிகளைக் கட்டுவோம். சாப்பாட்டு மேசையில் சேவல் இறகும் மான் முடியும் பறப்பதை என் வீட்டில் யாரும் ரசிக்கவில்லை. மீன்பிடி சங்கத்து நண்பர் ஒருவர், உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்குப் பூச்சி கட்டக் கற்றுத்தர ஆள் வேண்டும் என்றார். மேசை, நல்ல வெளிச்சம், காபி, இறகைக் கண்டு முகம் சுளிக்காத மனிதர்கள். என் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு என் கைவேலை மீது கர்வம் உண்டு. நான் கட்டிய பூச்சியை யாராவது விளக்கடியில் திருப்பிப் பார்த்து "கடையில் வாங்கினதா?" என்று கேட்டால் அந்த வாரம் முழுக்க எனக்குப் போதும். அந்தக் கர்வத்தோடுதான் அந்த மேசையில் போய் உட்கார்ந்தேன். இப்போது சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரு கைத்தொழிலில் எது அந்தத் தொழிலுக்கு அவசியம், எது வெறும் என் பழக்கம் என்று பிரித்துப் பார்க்க அங்கேதான் பழகினேன். அப்படிப் பிரித்துப் பார்த்ததைப் பற்றியது இந்தக் கட்டுரை.

நம்மூர்க் கண்மாயில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டவர்களுக்கு ஃப்ளை ஃபிஷிங் கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுகிறது. இங்கே தூண்டில் முள்ளில் இருப்பது இறகு, முடி, நூல் சேர்த்துக் கட்டிய பொய்ப்பூச்சி. அதற்குக் கனம் கிடையாது. எறிந்தால் காலடியிலேயே விழும். அதனால் கனத்தை லைன் எனப்படும் நரம்புக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் பயன்படுத்தும் ஐந்தாம் எண் லைனில் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம் எடை இருக்கும். 9 அடிக் கம்பால் அந்த லைனைப் பின்பக்கம் வீசி, அது காற்றில் நீளும்வரை பொறுத்து, பிறகு முன்பக்கம் வீச வேண்டும். லைன் போகும் இடத்துக்குப் பூச்சியும் போகும்.

இந்தப் பூச்சி கட்டும் வேலைக்கு வைஸ் என்ற சின்னப் பிடிகருவி வேண்டும். பட்டறையில் இரும்பைக் கவ்வும் வைஸின் குட்டி வடிவம் அது. தூண்டில் முள்ளை அதில் கவ்வவிட்டு, பாபினில் இருக்கும் நூலால் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பொருளாக முள்தண்டில் கட்ட வேண்டும். வான்கோழியின் மென்தூவி, சேவல் கழுத்து இறகு, மயில்தோகை இழை, முயல் முடி என்று எத்தனையோ பொருள். மலிவான சேவல் கழுத்து இறகு இந்தியாவிலிருந்து வருவதுண்டு. அந்தப் பாக்கெட்டைக் காட்டி, "இவரும் நானும் ஒரே ஊர்" என்று வகுப்பில் சொல்வேன்.

போரில் காயம்பட்டவர்களுக்கு இதைக் கற்றுத்தரும் வழக்கம் பெரிய அளவில் வேர்விட்டது வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில். கடற்படை கேப்டனாக இருந்து ஓய்வுபெற்ற எட் நிக்கல்சன் அங்கே சிகிச்சைக்குப் போயிருந்தபோது, இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கை கால் இழந்து வந்த இளைஞர்களைப் பார்த்தார். 2005-இல் அவர்களை மருத்துவமனைப் புல்வெளிக்கு அழைத்துவந்து லைன் வீசக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அதுதான் 'ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்' என்ற அமைப்பாக வளர்ந்து பல மாநிலங்களுக்குப் பரவியது. அதற்கு முன்பே, 1996-இல், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்களுக்காக 'காஸ்டிங் ஃபார் ரெகவரி' தொடங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தோளும் கையும் இறுகிப்போனவர்களுக்கு வீசுகிற அசைவு மெதுவான உடற்பயிற்சி ஆகும் என்ற யோசனை அதற்குப் பின்னால் இருந்தது.

இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் உயிர் பிழைத்தவர்களின் காயங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மார்புக் கவசமும், சில மணி நேரத்துக்குள் அறுவை மேசைக்குக் கொண்டுபோகும் ஏற்பாடும் முந்தைய போர்களில் செத்திருக்கக் கூடியவர்களைப் பிழைக்க வைத்தன. ஆனால் கவசம் கையையும் காலையும் மூடுவதில்லை. தெருவோரக் குண்டின் அதிர்வு தலைக்குள் போவதையும் தடுப்பதில்லை. ஆகவே எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் ஒருவருக்கு முழங்கைக்குக் கீழே இருக்காது. ஒருவருக்குக் கை கால் எல்லாம் சரியாக இருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு முன் சொன்னது நினைவில் இருக்காது. வியட்நாம் போருக்குப் போய்வந்த பெரியவர்களும் வருவார்கள். அவர்களுக்குப் பழைய காயத்தோடு சர்க்கரை நோயும் கைநடுக்கமும் மங்கிய பார்வையும் சேர்ந்திருக்கும்.

முதலில் கையைப் பற்றிச் சொல்கிறேன்.

பூச்சி கட்டும் புத்தகங்களைப் படித்தால் வேலையெல்லாம் வலது கை செய்வதாகத் தோன்றும். நூலைச் சுற்றுவது, வெட்டுவது, முடிச்சுப் போடுவது எல்லாம் அதுதான். இடது கை என்ன செய்கிறது என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. எழுதியவருக்கே தெரிந்திருக்காது. எனக்கும் தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே இடது கை இல்லாத ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் வீட்டில் என் இடது கையை பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு கட்டிப் பார்த்தேன். வாலுக்கான தூவியை முள்தண்டின் மேல் வைத்தேன், நூலைக் கொண்டுவந்தேன், தூவி உருண்டு அந்தப் பக்கம் விழுந்தது. நூல் மேலே ஏறும் அந்த அரை நொடியில் தூவியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் இடது கையின் வேலை. சேவல் இறகைச் சுற்றும்போது அதன் இழைகளைப் பின்னால் நீவிவிடுவதும், முடிச்சுக்கு வழிவிடுவதும் அதன் வேலைதான். இவ்வளவையும் அது எனக்குச் சொல்லாமலே செய்துகொண்டிருந்தது.

என்னென்ன வேலை என்று தெரிந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் வேறு ஆளைத் தேடலாம். முள்ளைப் பிடிக்க வைஸ் ஏற்கெனவே இருக்கிறது. நூலின் இறுக்கம் தளராமல் இருக்க பாபினைக் கொஞ்சம் கனமானதாக எடுத்துக்கொண்டால், கையை எடுத்துவிட்டாலும் அது தொங்கிக்கொண்டே நூலை இறுக்கிப் பிடிக்கும். தூவி உருளாமல் இருக்க நூலில் ஒட்டும் மெழுகைத் தடவலாம், அல்லது முள்தண்டில் ஒரு துளி பசை வைத்து அதன்மேல் தூவியைப் படியவிடலாம். சேவல் இறகைச் சுற்ற வேண்டியதில்லை; முள்ளோடு சேர்ந்து சுழலும் வைஸ் இருக்கிறது, இறகை ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டு வைஸைச் சுழற்றினால் இறகு தானே சுற்றிக்கொள்ளும். கடைசி முடிச்சு வரவில்லையென்றால், தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவின் கூம்பு முனையில் நூலைச் சுற்றி முள்ளின் கண்மேல் வழுக்கிவிடலாம். அதுவும் வேண்டாம் என்றால் புற ஊதா விளக்கில் சில நொடியில் இறுகும் பசை இருக்கிறது, முடிச்சே தேவையில்லை.

என் அம்மா மல்லிகை கட்டும்போது நூலின் முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வாள். இரண்டு கையும் நன்றாக இருந்த அவளுக்கே மூன்றாவதாக ஒரு பிடி தேவைப்பட்டது. அதை யாரும் ஊனத்துக்கான ஏற்பாடு என்று சொன்னதில்லை. பூக்கட்டும் முறையே அதுதான். இந்த நினைவு வந்த பிறகுதான் என் மனதில் இருந்த ஒரு கோணல் நிமிர்ந்தது. பேனா முனையையும் பசையையும் நான் அதுவரை குறுக்குவழி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எதிர்பார்த்த அந்த மனிதர் வந்தார். தோள்பட்டையிலிருந்து கம்பி இழுத்து இயக்கும் கொக்கிக் கை போட்டிருந்தார். அந்தக் கொக்கியின் இரண்டு விரல்களையும் ரப்பர் வளையங்கள் சேர்த்துப் பிடிக்கும். தோளை அசைத்தால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். வீட்டில் நான் ஒத்திகை பார்த்ததையெல்லாம் மேசையில் பரப்பியிருந்தேன். அவர் ஒவ்வொன்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தூவியைக் கொக்கியால் கவ்வி முள்தண்டின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தக் கொக்கிக்கு நடுக்கம் கிடையாது, வியர்வை கிடையாது, அலுப்பும் கிடையாது. அவர் நிதானமாக நூலைச் சுற்றினார். என் மெழுகும் பசையும் அப்படியே கிடந்தன. அவருக்குக் கஷ்டமாக இருந்தது நான் யோசித்தே பார்க்காத ஓர் இடம்: ஈரமான விரலால் செய்வதுபோல் கொக்கியால் தூவியின் அளவை உணர முடியவில்லை. தூவி அதிகமாகிவிடும், வால் தடித்துவிடும். அதற்கு ஓர் அட்டையில் சின்னத் துளை போட்டு, துளைக்குள் நுழைகிற அளவு தூவி போதும் என்று வைத்துக்கொண்டோம். அந்த அட்டை யோசனை அவருடையது.

நாங்கள் முதலில் கற்றுத்தருவது பெரும்பாலும் வூலி பக்கர் என்ற பூச்சி. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரஸல் பிளெஸ்ஸிங் 1967-இல் உருவாக்கியது. தூவி வால், பஞ்சுக்கயிறு உடம்பு, அதன்மேல் சுற்றிய சேவல் இறகு, அவ்வளவுதான். எட்டு அல்லது ஆறாம் எண் முள்ளில் கட்டலாம். முள்ளின் எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதால் இவை பெரிய முட்கள். எந்தப் பூச்சியையும் அச்சு அசலாகக் காட்டாதது இதன் சிறப்பு. அட்டைப்பூச்சி, சிறு மீன், நண்டு எதுவாக வேண்டுமானாலும் மீன் நினைத்துக்கொள்ளலாம். வால் கொஞ்சம் தடித்தாலும் உடம்பு கோணினாலும் மீன் பிடிபடும். கட்டியவருக்கு எத்தனை கை என்பது அதற்குத் தெரியாது.

கைநடுக்கம் உள்ளவர்களுக்கு நூலை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நான் வழக்கமாகக் கட்டும் 70 டெனியர் நூல் மெல்லியது. கை ஒருமுறை வெட்டி இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் அதுவரை கட்டியதெல்லாம் அவிழும். கை நடுங்குகிறவருக்கு நடுக்கத்தைவிட அந்த அவிழ்தல்தான் அவமானம். 210 டெனியர் நூல் கொடுத்துப் பாருங்கள், எத்தனை வெட்டு வெட்டினாலும் தாங்கும். மேசை விளிம்பில் துண்டைச் சுருட்டி வைத்து முன்கையை அதில் ஊன்றச் சொன்னால் நடுக்கமும் குறையும். இதையெல்லாம் மருத்துவமனைத் தெரபிஸ்ட் ஒருவர் போகிற போக்கில் சொன்னார். அவருக்குப் பூச்சி கட்டத் தெரியாது. கையைத் தெரியும்.

தலையில் அடிபட்டவர்களுக்குக் கற்றுத்தருவது வேறு கதை. அங்கே கை நன்றாக இருக்கும், வரிசைதான் நழுவும். நூல், வால், பஞ்சு, இறகு என்று நான்கு படிதான். மூன்றாவதில் இருக்கும்போது இரண்டாவது முடிந்ததா என்று தெரியாமல் கை நின்றுவிடும். வாயால் எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. அதிகம் சொன்னால் எரிச்சல்தான் வரும். ஒரு தக்கைப் பலகையில் ஒவ்வொரு படியும் முடிந்த நிலையில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தோம். முதல் முள்ளில் நூல் மட்டும். இரண்டாவதில் வாலும் சேர்ந்திருக்கும். கடைசியில் முழுப்பூச்சி. கையில் இருப்பதைப் பலகையோடு ஒத்துப்பார்த்தால் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும், யாரையும் கேட்க வேண்டாம். "யாரையும் கேட்க வேண்டாம்" என்பதன் மதிப்பு, நாள்பூராவும் யாரையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியவர்களுக்குத்தான் தெரியும்.

அறையிலும் மாற்றங்கள் தேவைப்பட்டன. மினுக்கும் ட்யூப்லைட் சிலருக்குத் தலைவலியைக் கிளப்பும். அதை அணைத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் மேசைவிளக்கு வைத்தோம். கதவுக்கு முதுகு காட்டி உட்கார ஒருசிலரால் முடியாது. சுவரோரமாக, கதவைப் பார்த்த இடங்களை முதலில் வருகிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள். குறடு கீழே விழுந்தால் வரும் சத்தம் எனக்கு வெறும் சத்தம். அங்கே சிலருடைய அந்த மாலைப்பொழுதே அதோடு முடிந்துவிடும். மேசைமேல் தடித்த துணி விரித்தது அதற்காகத்தான். ஒரே பூச்சியை வாரக்கணக்கில் கட்டுவோம். எனக்கு அலுக்கும். அவர்களுக்கு அலுக்கவில்லை. போன வாரம் மறந்துபோனது இந்த வாரம் கைக்கு ஞாபகம் வரும். மூளையைக் கேட்காமலே விரல் அடுத்த படிக்குப் போகும். அப்படி நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பார்வை இல்லாத ஒருவருக்குக் கற்றுத்தந்தபோது என் மொழியே பயன்படாமல் போனது. "இப்படி வையுங்கள்", "இங்கே சுற்றுங்கள்", "இவ்வளவு போதும்." என் பேச்சு முழுக்க இப்படி, இங்கே, இவ்வளவு என்றுதான் இருந்தது. விரலால் சுட்டிக்காட்டிவிட்டு வாயால் வெறும் ஓசை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். கடிகார முள்ளை வைத்துச் சொல்லப் பழகினேன்: "தூவி பன்னிரண்டு மணியில் இருக்கட்டும், நூல் மூன்று மணியிலிருந்து வரட்டும்." அளவுக்கு விரல்நகத்தின் நீளம். பொருள்களை இடமிருந்து வலமாக, பயன்படும் வரிசையில் தனித்தனித் தட்டுகளில் வைத்தோம். தட்டுகளை யாரும் நகர்த்தக் கூடாது. முள்ளின் கூர்நுனியை வைஸின் தாடைக்குள் மறைத்துக் கவ்வவிட்டோம். முள்ளின் தலைப்பக்கம் ஒரு பித்தளை மணியைக் கோத்துவிட்டால் உடம்பு எங்கே முடிய வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். அவர் கட்டிய பூச்சியின் சுற்றுகள் என்னுடையதைவிட நெருக்கமாக இருந்தன. நான் கண்ணால் பார்த்து "போதும்" என்று விட்டுவிடும் இடைவெளியை அவர் நகம் விடவில்லை.

வசந்தம் வந்ததும் புல்வெளிக்குப் போவோம். முள்ளுக்குப் பதிலாக லைன் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டியிருக்கும். வீசக் கற்பது முதலில் அங்கேதான்.

வீசுவதில் மேரிலாண்டுக்காரர்களான எங்களுக்கு ஓர் ஆசான் உண்டு. லெஃப்டி க்ரே, ஃப்ரெடெரிக் நகரத்தில் 1925-இல் பிறந்தவர்; இரண்டாம் உலகப்போரில் பல்ஜ் சண்டையில் இருந்தவர்; 2018-இல் காலமானார். கம்பைக் கடிகாரத்தின் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவேதான் ஆட்ட வேண்டும் என்று எல்லோரும் கற்பித்த காலத்தில் அவர் அதை மறுத்தார். ஆளுக்கு ஆள் உடம்பு வேறு. ஆகையால் பாணியைக் கற்பிக்காதே, எந்தப் பாணியிலும் மாறாத விதிகளைக் கற்பி என்பது அவர் கட்சி. லைனின் நுனி நகரத் தொடங்கிய பிறகே வீச்சு. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்து. கம்பின் நுனி நின்ற திசையில்தான் லைன் போகும். கம்பு பயணம் செய்யும் தூரம் நீண்டால் உழைப்பு குறையும். இந்த நான்கில் எதுவும் நின்றுகொண்டுதான் வீச வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு கை வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவர் புத்தகங்களை முன்பே படித்திருந்தும், சக்கர நாற்காலியில் இருந்தவருக்குச் சொல்லித்தரும்போதுதான் இது எனக்கு உறைத்தது.

நாற்காலியில் உட்கார்ந்தால் கை தாழ்ந்துவிடும். பின்னால் போகும் லைன் புல்லில் உரசும். 10 அடிக் கம்பு கொடுத்தால் அந்த உயரம் திரும்பக் கிடைக்கும். பின்வீச்சே இல்லாமல், லைனைத் தண்ணீர்மேல் இழுத்துவந்து உருட்டிவிடும் ரோல் காஸ்ட் இன்னும் நல்லது. நாற்காலியில் கழற்ற முடிகிற கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். மடியில் ஒரு துண்டை விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தளர்ந்த லைன் சக்கரத்திலும் பிரேக்கிலும் சுற்றிக்கொள்ளும். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புத் தசை பிடிக்காதவர்களுக்கு வீசுகிற வேகமே உடம்பைச் சாய்த்துவிடும். மார்பை நாற்காலி முதுகோடு சேர்த்து ஒரு பட்டை கட்டிக்கொண்டால் உடம்பு சாயாது. விரல்கள் இறுகப் பிடிக்காதவர்களுக்குக் கம்பின் அடியை முன்கையோடு வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடுவோம்.

ஒரே கை உள்ளவர்களுக்கு வீசுவதைவிட லைனைச் சமாளிப்பதுதான் தொல்லை. ஒரு கை கம்பைப் பிடித்திருக்கையில் இன்னொன்று லைனை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு ஜப்பானிய மலையோடைகளில் பழங்காலமாக இருந்துவரும் டென்காரா வழிகாட்டியது. நீளமான கம்பு, அதன் நுனியிலேயே கட்டிய லைன், லைனைச் சுற்றிவைக்கும் ரீல் கிடையாது, இழுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். 2009-க்குப் பிறகு அமெரிக்காவில் இது பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. நம்மூர் மூங்கில் தூண்டிலை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதேதான். சங்கத்து நண்பர்கள் சிலர் இதை ஃப்ளை ஃபிஷிங் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு இரண்டு கை இருக்கிறது.

ஆற்றுக்குப் போகும்போது வீரத்தைக் காரிலேயே விட்டுவிட வேண்டும். நாங்கள் போகும் கன்பவுடர் ஆற்றில், ப்ரெட்டிபாய் அணையின் அடிமட்டத் தண்ணீர் கோடையிலும் சில்லென்று வரும்; காட்டு ட்ரவுட் மீன்கள் அதில்தான் வாழ்கின்றன. பாறை வழுக்கும். முன்பெல்லாம் காலணி அடியில் கம்பளி அட்டை ஒட்டியிருக்கும், அது பாறையைப் பிடிக்கும். ஆனால் ஆற்றுக்கு ஆறு பாசியைக் கடத்துகிறது என்று 2011-இல் மேரிலாண்ட் அதைத் தடைசெய்தது; அமெரிக்காவில் இந்தத் தடையை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலமும் இதுதான். நல்ல சட்டம். ஆனால் செயற்கைக் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உணர வழியில்லாத ஒருவருக்கு அந்தப் பிடிமானம் போனது நஷ்டம்தான். ஆணி பதித்த ரப்பர் அடி, ஊன்றுகோல், உயிர்காப்புச் சட்டை, முழங்காலுக்குமேல் தண்ணீர் வேண்டாம் என்ற கட்டுப்பாடு, நல்ல கால் எந்தப் பக்கமோ அதைக் கேட்டு மறுபக்கம் ஓர் ஆள். அதுவும் முடியாதவர்களுக்கு மரமேடை. மீன்பிடி மேடைகளின் தடுப்புக் கம்பியில் குறைந்தது கால் பங்கு 34 அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது என்று அமெரிக்க ஊனமுற்றோர் சட்டத்தின் 2010 தரவிதிகள் சொல்கின்றன. நாற்காலியில் இருப்பவரின் கையும் கம்பும் கம்பிக்கு மேலே வர வேண்டும் என்பதற்காக யாரோ உட்கார்ந்து அளந்து எழுதிய எண் அது. அப்படி ஒரு மேடையில் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரோடு உட்கார்ந்து வீசிப் பார்த்தபிறகு, சட்டப் புத்தகத்தின் எண்கள்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

இத்தனை சொன்னதில் கருவிகள், நூல், பசை, கம்பு எல்லாம் காசுக்குக் கிடைப்பவை. கிடைக்காதது ஒன்று உண்டு. மெதுவாக நகரும் ஒரு கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. எனக்கு அது இன்றைக்கும் வரவில்லை. நூலை ஐந்தாம் முறை ஒருவர் தவறவிடும்போது என் கை தானாக எழும். பிடுங்கி, சுற்றி, "இதோ" என்று கொடுத்துவிடத் துடிக்கும். அதை இரக்கம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அதில் பாதி பொறுமையின்மை, மீதியில் பெரும்பகுதி என் திறமையைக் காட்டும் ஆசை. ஆகவே ஒரு வழி வைத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு பூச்சி கட்டுவேன். என் கைகளுக்கு வேலை இருந்தால் அவை அவர் கைகளைத் தொந்தரவு செய்வதில்லை. அவர் கேட்டால் மட்டும் நிறுத்திவிட்டு, "பிடித்துக்கொள்ளவா, காட்டவா, சொல்லவா?" என்று கேட்பேன். மூன்றும் வெவ்வேறு உதவிகள்.

இன்னொரு கூச்சமும் எனக்கு இருந்தது. அந்தப் போர்கள் நியாயம் என்று நான் நம்பியதில்லை. போதாததற்கு என் நிறம், என் தாடி, என் உச்சரிப்பு. இவர்கள் அங்கே பார்த்த முகங்கள் என் முகத்தில் தெரிந்தால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்து முதல் மாதங்களில் அளவுக்கு அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். மேசையில் யாரும் போரைப் பற்றிக் கேட்பதில்லை என்பது எழுதாத விதி. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். சொன்னவர்கள் மிகக் குறைவு. ஒருவர் மட்டும் நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு, மயில் இழை ஏன் இவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்று கேட்டார். செம்புக்கம்பியை எதிர்த்திசையில் சுற்றினால் உடையாது என்று காட்டினேன். என் கருத்து மாறவில்லை. அந்த மேசையில் அது தேவைப்படவும் இல்லை.

பூச்சி கட்டினால் காயம் ஆறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலர் இரண்டு வாரம் வந்துவிட்டு நின்றுவிடுவார்கள். சிலருக்கு வலி மாத்திரை மாறினால் கையும் மாறிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வெட்டுப்பட்ட இடத்தில் இல்லாத விரல் வலிக்கிறது என்று பாதியில் எழுந்துபோனவர்கள் உண்டு. நாங்கள் செய்வது மருத்துவம் இல்லை. வாரத்தில் ஒரு மாலை, நோயாளி என்ற பெயர் இல்லாமல் ஒரு மேசையில் உட்கார்ந்து, முடிவில் கையில் எடுத்துக்கொண்டுபோக ஏதோ ஒன்று இருக்கும். அவ்வளவுதான் எங்களால் தர முடிவது. அதற்காகவே பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இதைப் படிப்பவர்களில் தையல் கற்றுத்தருகிறவர்கள் இருக்கலாம். வீணையோ மிருதங்கமோ, பாய் முடைவதோ, சமையலோ, கணினியோ சொல்லித்தருகிறவர்கள் இருக்கலாம். உங்கள் தொழிலின் ஒவ்வொரு படியையும் ஒருமுறை ஒரு கையால் செய்து பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள், உட்கார்ந்து செய்து பாருங்கள். எது கட்டாயம், எது பழக்கம் என்று அன்றைக்கே பிரிந்துவிடும். பிறகு ஒரு கையோடோ கைத்தடியோடோ யாராவது வந்து நின்றால், "உங்களால் எப்படி முடியும்?" என்று கேட்காதீர்கள். "எப்படிச் செய்தால் உங்களுக்குச் சௌகரியம்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.